வீட்டோடு ஒரு பட்டறை: வாசகர் கேள்வி–பதில்

வீட்டோடு சேர்ந்த சிறு பட்டறை அமைப்பது பற்றிய கேள்விகளை அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களே மிகுதி. ஒரே பொருளைப் பற்றிய கடிதங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

பர்கூர் வாசகர்: வீட்டை ஒட்டி 12 அடி அகலமும் 20 அடி நீளமும் உள்ள கார் ஷெட் காலியாக இருக்கிறது. தச்சு வேலையும் சிறிய வெல்டிங் வேலையும் செய்துகொள்வதற்கு ஏற்றபடி அதைப் பட்டறையாக்க விரும்புகிறேன். முதலில் எந்த மெஷினை வாங்கலாம்?

முதலில் எந்த மெஷினையும் வாங்க வேண்டாம் என்பதே என் பதில். கையில் உள்ள பணத்தைத் தரைக்கும் மின் இணைப்புக்கும் வெளிச்சத்துக்கும் செலவிட்டுவிட்டு, மிஞ்சியதில் மெஷின் வாங்குங்கள். மெஷினைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். அது நின்றுகொண்டிருக்கும் தரையைப் பெயர்த்து மறுபடி போடுவது அவ்வளவு எளிதன்று.

தரைக்கு டைல்ஸ் வேண்டாம். ஒரு சுத்தியல் விழுந்தால் உடையும். மரத்தூள் படிந்தால் வழுக்கும். நன்றாகத் திமிசு போட்டு இறுக்கிய கிராவல் மீது நான்கு அங்குலக் கனத்துக்கு, சிமென்ட், மணல், ஜல்லி 1:1½:3 என்ற கலவையில் கான்கிரீட் போட்டு, பத்து நாள்களுக்குக் குறையாமல் தண்ணீர் நிறுத்தி ஆற விடுங்கள். ஷட்டர் பக்கமாக 20 அடிக்கு இரண்டரை அங்குலம் வாட்டம் இருந்தால் கழுவிவிட்ட தண்ணீர் தானாக வெளியேறிவிடும்.

மின் இணைப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஆனால் மோட்டார் புறப்படும் அந்த நொடியில் வழக்கமாக இழுப்பதைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு மின்சாரத்தை இழுக்கும். ஆகவே வீட்டு ஸ்விட்ச் போர்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ஷெட்டுக்கு மின்சாரம் கொண்டுபோகாமல், மெயின் போர்டிலிருந்தே தனி லைன் இழுத்து, ஷெட்டுக்குள் தனி டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸ் வைப்பதுதான் முறை. 16 ஆம்பியர் பிளக்குகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும், வெல்டிங் மெஷினுக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயரும் போடச் சொல்லுங்கள். மின்சாரம் அளவு மீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்சான எம்.சி.பி.யை வாங்கும்போது அதன் முகப்பில் ஆம்பியர் எண்ணுக்கு முன்னால் ‘சி’ என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ‘பி’ வகையாக இருந்தால் மோட்டார் புறப்படும்போதெல்லாம் விழுந்துகொண்டே இருக்கும்.

இனி எர்த். நம் மாவட்டங்களில் பல இடங்களில் கடப்பாரை இரண்டடி இறங்குவதற்குள் பாறையில் மோதுகிறது. பாறையும் காய்ந்த சரளையும் மின்சாரத்தை எளிதில் உள்வாங்குவதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் பெயருக்கு ஒரு குழி எடுத்துப் பைப்பை இறக்கிவிட்டால், எர்த்தின் தடை 10 ஓமாகவோ அதற்கு மேலாகவோ நின்றுவிடக்கூடும். மெஷினுக்குள் ஒயர் நைந்து அதன் உலோக உடம்பில் மின்சாரம் பாய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டை 10 ஓமால் வகுத்தால் 23 ஆம்பியர். அதற்கு மேல் மண்ணுக்குள் போகாது. 16 ஆம்பியர் ‘சி’ வகை எம்.சி.பி. உடனே விழ வேண்டுமானால் குறைந்தது 80 ஆம்பியராவது பாய வேண்டும். ஆகவே எம்.சி.பி. நீண்ட நேரம் விழாமலே இருக்கும். மெஷினின் உடம்பில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். நீங்கள் கை வைப்பீர்கள். இதனால்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்னும் மின்கசிவு ஸ்விட்ச் கட்டாயம் வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் அது இணைப்பைத் துண்டித்துவிடும். அதில் உள்ள ‘டெஸ்ட்’ பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பாறை குறுக்கிட்டால் எர்த் பைப்பைச் சற்றுச் சாய்வாக இறக்கலாம். அல்லது இரண்டு குழிகளை எட்டடி இடைவெளியில் எடுத்து ஒன்றாக இணைக்கலாம். குளியலறைத் தண்ணீர் போய்ச் சேரும் ஈரமான இடத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கோடையில் குழிக்கு நாலு குடம் தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள்.

வெளிச்சத்துக்கு ஒரே பெரிய விளக்கைவிட, இரண்டு பக்கச் சுவரிலும் வரிசையாக டியூப் லைட்டுகள் இருப்பது மேல். கையின் நிழல் வெட்டும் கோட்டின் மீது விழாது. மலிவான சில எல்.இ.டி. விளக்குகள் நொடிக்கு நூறு முறை மினுக்கும். நம் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் அந்த வெளிச்சத்தில் சுழலும் ரம்பத் தகடு சில வேகங்களில் நின்றுவிட்டதைப் போலத் தோன்றும். மினுக்காத நல்ல விளக்காகப் பார்த்து வாங்குங்கள்.

காவேரிப்பட்டணம் வாசகர்: தகர ஷீட் கூரை. சித்திரை, வைகாசியில் பகல் நேரத்தில் உள்ளே நிற்கவே முடியவில்லை. ஷீட்டின் மேல் தென்னங்கீற்று வேயலாமா? அல்லது உள்ளே தெர்மாகோல் ஒட்டலாமா?

வெல்டிங்கும் கிரைண்டிங்கும் நடக்கும் இடத்தில் இரண்டுமே கூடாது. கீற்று காய்ந்தால் ஒரு பொறி போதும். தெர்மாகோல் எரிந்தால் உருகிச் சொட்டும், அதன் கரும்புகை மூச்சை அடைக்கும். ஷீட்டின் வெளிப்புறத்தில் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சைப் பூசுங்கள். சூடான காற்று மேலே போய்த் தேங்குவதால், கூரையின் உச்சியில் காற்றிலேயே சுழலும் டர்போ வென்டிலேட்டர் ஒன்றை வைத்து, எதிர்ப்பக்கச் சுவரில் தரையை ஒட்டி ஒரு கம்பி வலை ஜன்னலைத் திறந்தால் உள்காற்று தானாக ஓடத் தொடங்கும். ஷீட்டை மாற்றும் எண்ணம் இருந்தால் உயரத்தையும் 12 அடிக்குக் கூட்டிவிடுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் துளை போடவோ அதை அறுக்கவோ வேண்டாம். அதன் நுண்ணிழை நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது.

பென்னாகரம் வாசகர்: தோட்டத்தில் பட்டுப்போன மாமரம் ஒன்றை வெட்டினோம். அந்த மரத்தில் வேலை மேசை செய்யலாமா? ‘மாமரம் உளுத்துப்போகும், விறகுக்குத்தான் ஆகும்’ என்கிறார்கள்.

தாராளமாகச் செய்யலாம். மாந்தோப்புகள் நிறைந்த நம் பக்கத்தில் இந்த மரத்தை விறகுக்குத் தள்ளுவது எனக்கு எப்போதும் மனவருத்தம் தருவது. உளுப்பது உண்மைதான், அதற்குக் காரணம் பச்சையாகவே அறுத்துப் பயன்படுத்துவது. மரம் விழுந்த சில நாள்களுக்குள் அறுவை மில்லுக்குக் கொண்டுபோய் மூன்று அங்குலப் பலகையாக அறுத்துவிடுங்கள். ஈரம் இருக்கும்போதே போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊற வைத்தால் மருந்து உள்ளே இறங்கும். காய்ந்த பிறகு பூசினால் மேலோடு நின்றுவிடும். பிறகு பலகைகளின் இரு முனைகளிலும் பெயின்ட் அடித்து, நிழலில், ஒவ்வொரு பலகைக்கும் இடையில் ஓரங்குலச் சட்டங்களைக் கொடுத்து அடுக்குங்கள். முனைகள் மற்ற இடங்களைவிட வேகமாக உலர்வதால்தான் வெடிக்கின்றன. பெயின்ட் அதைத் தடுக்கும். ஓரங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பொதுவான கணக்கு. நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம் உலரலாம் என்றாலும் அவசரப்பட வேண்டாம்.

மேசையின் உயரத்தை யாரோ எழுதிய அளவைப் பார்த்து வைக்காதீர்கள். இழைப்புளி தள்ளுவதற்கான மேசை, நீங்கள் நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்தில் இருக்க வேண்டும். அரம் போடும்போது இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸின் மேல்விளிம்பு முழங்கை மட்டத்துக்கு வர வேண்டும். இரண்டும் வேறு வேறு உயரம். ஒரே மேசையில் இரண்டையும் செய்ய முயன்றால் இடுப்பு வலிக்கும். மேசைக்கால்களைத் தரையில் நேராக ஊன்றாமல் கிரானைட் துண்டுகளின் மேல் நிறுத்தினால், கரையான் மண்வழி கட்டிக்கொண்டு மேலேறுவது உடனே கண்ணுக்குத் தெரியும்.

உளியைத் தட்டும் மரச் சுத்தியலான கொட்டாப்புளிக்கு மட்டும் மாமரம் வேண்டாம். அதற்குப் புளியமரத்தின் வைரம் பாய்ந்த கட்டைதான் வேண்டும். கசாப்புக்கடைக்காரர் ஆண்டுக்கணக்கில் கத்தி போடும் கட்டை அது. உளியின் பிடியில் ஆயிரம் அடி விழுந்தாலும் சிதறாது.

ஓசூர் வாசகி, ஓய்வுபெற்ற ஆசிரியை: எங்களுடையது சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு. கார் நிறுத்தும் இடத்தில் தச்சு வேலை பழக ஆசை. அக்கம்பக்கத்தார் சத்தத்துக்குக் கோபிப்பார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.

அம்மா, உங்கள் ஆசை நிறைவேறுவதற்குத் தடை ஏதும் இல்லை, கைக்கருவிகளோடு தொடங்குங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. மின்ரம்பம் வேலை செய்பவரின் காதருகே 100 டெசிபலை ஒட்டி நிற்கும். கைரம்பமும் இழைப்புளியும் உளியும் அடுத்த வீட்டுக் குழந்தையை எழுப்பாது. மேசைக்காலின் கீழ் ரப்பர் துண்டு வைத்தால் தட்டும் ஓசையும் தரை வழியாகப் போகாது. மெல்லிய மரத்தூளும் மின்ரம்பத்தில் பறக்கும் அளவுக்குப் பறக்காது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்திருப்பதால் இதுவும் சிறிய நன்மை அன்று.

ஆனால் கைக்கருவி கூர்மையாக இருந்தால்தான் வேலை செய்யும். கடையிலிருந்து வரும் புது உளி வெட்டாது. அதைத் தீட்டியாக வேண்டும். இதற்கு விலையுயர்ந்த சாணைக்கல் தேவையில்லை. உங்கள் மாவட்டமே கிரானைட்டுக்குப் பெயர்பெற்றது. பாலிஷ் செய்யும் தொழிற்கூடங்களில் வெட்டிக் கழித்த துண்டு ஒன்றை, ஓரடி நீளம் இருந்தால் போதும், கேட்டு வாங்கி வாருங்கள். எஃகு அளவுகோலை அதன் மேல் நிறுத்தி, பின்னால் விளக்கைப் பிடித்து, கீழே வெளிச்சம் கசியாவிட்டால் கல் சமமாக இருக்கிறது என்று பொருள். அதன் மேல் தண்ணீர் தெளித்து 220ஆம் எண் வாட்டர் பேப்பரை, அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை, படிய வையுங்கள். உளியின் தட்டையான முதுகுப்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் மை தடவி, விளிம்பை ஒட்டிய பகுதியைப் பேப்பரின் மேல் அழுத்தி நாலைந்து முறை இழுத்துப் பாருங்கள். மை அழிந்த இடம் மேடு, மை நிற்கும் இடம் பள்ளம். விளிம்பை ஒட்டி மை முழுதும் அழியும்வரை தேய்த்துவிட்டு, 400, 800, 1500 என்று பேப்பரை மாற்றிக்கொண்டே போனால் எஃகில் உங்கள் முகம் தெரியும். பிறகுதான் சாய்வுப் பக்கம். 25 முதல் 30 பாகைச் சாய்வு போதும். தீட்டிய உளியில் மெல்லிய மெஷின் எண்ணெய் தடவி வையுங்கள். மார்கழிப் பனியில் ஒரே இரவில் துரு பிடிக்கும் ஊர் உங்களுடையது.

அரூர் வாசகர்: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் ஆங்கிள் கிரைண்டர் வேண்டும் என்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?

ஆர்வத்தைத் தடுக்காதீர்கள், ஆனால் தொடக்கம் கிரைண்டராக இருக்க வேண்டாம். ஹேக்ஸா பிளேடும் அரமும் கொடுத்து, ஒரு இரும்புத் துண்டை மூலைமட்டத்துக்குச் சரியாக வரும்வரை அரம் போடச் சொல்லுங்கள். கிரைண்டரை அதன் பிறகு, நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் தொடட்டும். நான்கு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று சுற்றுகிறது. அப்போது தகட்டின் விளிம்பு போகும் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் அதிகம். உடைந்தால் துண்டு அந்த வேகத்தில் முகத்துக்கு வரும். ஆகவே தகட்டை மூடியிருக்கும் கார்டைக் கழற்றுவதும், கழற்றிவிட்டுப் பெரிய தகட்டை மாட்டுவதும், மரம் அறுக்கும் பல் தகட்டைப் பூட்டுவதும் ஒருபோதும் கூடாது. தகட்டின் நடுவில் உள்ள உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் பொறித்திருப்பார்கள். அது காலாவதித் தேதி. பிசினால் ஒட்டிய தகடு ஈரம் பட்டும் நாள்பட்டும் வலுவிழக்கும் என்பதால், கடையில் வாங்கும்போதே அதைப் படித்துப் பார்க்கப் பழக்குங்கள். தோளில் துண்டு, லுங்கி, நைலான் சட்டை மூன்றும் பட்டறைக்கு வெளியே இருக்கட்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் ஸ்விட்ச் போடக் கூடாது.

காரிமங்கலம் வாசகர்: பட்டறையிலேயே இரவில் பைக்கையும் நிறுத்திக்கொள்ளலாமா?

நிறுத்தலாம், வேலை தொடங்கும் முன் வெளியே தள்ளிவிட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு பரவி மூலையில் தேங்கும். கிரைண்டர் பொறியோ பல அடி தூரம் பறக்கும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது உலரும்போது சூடாகித் தானாகவே தீப்பற்றக்கூடியது. வெளியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்திவிடுங்கள்.

பாலக்கோடு வாசகர்: பொழுதுபோக்காகத் தொடங்கிய பட்டறையில் இப்போது கேட், கிரில் ஆர்டர்கள் வருகின்றன. வீட்டு மின் இணைப்பிலேயே தொடரலாமா?

கூடாது. சொந்த உபயோகத்துக்குச் செய்யும்வரை வீட்டு இணைப்பு போதும். விற்பனைக்குச் செய்யத் தொடங்கிவிட்டால் அதற்குரிய தனி இணைப்பு வேண்டும். இல்லையென்றால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அனுமதியில்லாத பயன்பாடாகக் கணக்கிட்டு, உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு வசூலிப்பார்கள். குறுந்தொழிலுக்கென்று தனிக் கட்டண வகை இருக்கிறது. குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை இணையத்தில் இலவசமாகச் செய்யலாம். அதற்குப் பணம் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம். கடன், மானியத் திட்டங்களுக்கு மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். மின்வாரிய அலுவலகத்துக்குப் போகும் முன், ஒவ்வொரு மெஷினின் பெயர்த்தகட்டிலும் உள்ள குதிரைத்திறனையோ கிலோவாட்டையோ ஒரு தாளில் எழுதிக் கூட்டிக்கொள்ளுங்கள். இன்னும் ஓரிரு ஆண்டுகளில் வாங்க நினைக்கும் மெஷின்களையும் அந்தக் கணக்கில் சேர்த்து, சிங்கிள் பேஸ் போதுமா, த்ரீ பேஸ் வேண்டுமா என்று அங்கேயே கேட்டு விண்ணப்பியுங்கள்.