ஐந்து முறை ஆடியும் கணக்கில் இரண்டுதான்

கேள்வி: பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி பேஸ்பால் அணிக்கு ஸ்கோர் எழுதுகிறேன். ஆட்டம் 7 இன்னிங்ஸ். ஒரு பையன் 5 முறை பேட் பிடித்தான்: 1 ஹிட், 2 வாக், 1 சாக்ரிஃபைஸ் ஃப்ளை, ஒரு முறை ஷார்ட்ஸ்டாப் (2ஆம், 3ஆம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) கோட்டைவிட்டதால் பேஸ் சேர்ந்தான். சராசரி .200 என்று எழுதினேன், சரியா? எங்கள் பிட்சர் ஹிட்டே கொடுக்கவில்லை, ஆனாலும் ஒரு ரன் போனது. அது நோ-ஹிட்டரா?

பதில்: .200 தப்பு; .500 என்று திருத்துங்கள். நெல்லைப் பக்கம் கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த நமக்கு ரன்னை அவுட்டால் வகுத்துத்தான் பழக்கம். இங்கே பேட்டிங் சராசரியில் ரன்னுக்கு வேலையே கிடையாது. ஹிட்டை (சொந்த அடியால் பேஸ் சேர்ந்ததை) அட்-பேட்டால் (கணக்கில் சேரும் பேட்டிங் முறைகளால்) வகுக்க வேண்டும். வாக் (பிட்சர் நாலு பந்தைத் தப்பாக வீசியதால் சும்மா பேஸுக்குப் போவது), உடம்பில் பந்து பட்டு பேஸுக்குப் போவது, சாக்ரிஃபைஸ் பன்ட் (ரன்னரை நகர்த்த மெல்லத் தட்டிவிட்டு தான் அவுட் ஆவது), சாக்ரிஃபைஸ் ஃப்ளை (உயர அடித்து கேட்ச் ஆனாலும் ரன்னர் ரன் எடுப்பது) இவையெல்லாம் அட்-பேட்டில் சேராது. ஐந்தில் மூன்று போக மிச்சம் 2. அதில் ஹிட் 1.

ஷார்ட்ஸ்டாப் விட்டதுதான் வில்லங்கம். அது அட்-பேட் ஆகும், ஹிட் ஆகாது. சாதாரண முயற்சியில் அவுட் ஆக்கியிருக்கக்கூடிய பந்தா என்று மட்டும் பாருங்கள். ஆமென்றால் எரர், அதாவது ஃபீல்டர் பிழை. பந்து கையில் படவே இல்லை என்பதற்காக ஹிட் கொடுத்துவிட வேண்டியதில்லை. பையன் முகம் வாடுமே என்று ஹிட் போட்டால், பிட்சர் கணக்கும் சேர்ந்து கெடும்.

பேஸ் சேர்ந்த விகிதம் வேறு கணக்கு. ஹிட், வாக், பந்து பட்டது மூன்றையும் கூட்டி, அட்-பேட், வாக், பந்து பட்டது, சாக்ரிஃபைஸ் ஃப்ளை நான்கின் கூட்டலால் வகுக்க வேண்டும். இவனுக்கு 5இல் 3, அதாவது .600. சாக்ரிஃபைஸ் பன்ட் இதிலும் சேராது.

ரன் போனாலும் நோ-ஹிட்டர் நோ-ஹிட்டர்தான். வாக்கும் எரரும் அதைக் கெடுக்காது. பெர்ஃபெக்ட் கேம்தான் கறார்: எந்த வழியிலும் ஒருவரும் பேஸ் சேரக் கூடாது. அமெரிக்க மேஜர் லீக் 1991இல் வகுத்தபடி, நோ-ஹிட்டர் என்றாலே 9 இன்னிங்ஸாவது முடிந்திருக்க வேண்டும். 2021இல் பிட்சர் மேடிசன் பம்கார்னர் 7 இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஹிட் தராமல் முடித்தும் அவர்கள் பட்டியலில் ஏறவில்லை. உங்கள் போட்டியே 7 இன்னிங்ஸ் என்பதால், முழு ஆட்டமும் ஒரே பையன் வீசியிருந்தால் நோ-ஹிட்டர் என்று தாராளமாக எழுதலாம்.

அந்த ரன் ‘எர்ன்ட்’ ரன்னா (பிட்சர் பொறுப்பில் சேரும் ரன்னா) என்று பார்க்க, எரரும் பாஸ்டு பாலும் (கேட்சர் பிடித்திருக்க வேண்டியதை விட்ட பந்தும்) நடக்கவில்லை என்று வைத்து இன்னிங்ஸை மறுபடி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் ரன் வந்தால் பிட்சர் தலையில். வைல்ட் பிட்ச் (கேட்சரால் பிடிக்க முடியாதபடி வீசிய பந்து) பிட்சரின் பிழையே, அதைக் கழிக்கக் கூடாது.

பிட்சரின் ஈ.ஆர்.ஏ. (ஒரு முழு ஆட்டத்துக்கு, உங்களுக்கு 7 இன்னிங்ஸுக்கு, எத்தனை எர்ன்ட் ரன் என்ற சராசரி) போடும்போது இன்னொரு பொறி உண்டு. 4.2 இன்னிங்ஸ் என்றால் நாலு இன்னிங்ஸும் இரண்டு அவுட்டும், அதாவது நாலும் மூன்றில் இரண்டும். கால்குலேட்டருக்கு அது தெரியாது. 3 எர்ன்ட் ரன்னை 7ஆல் பெருக்கி 4.2ஆல் வகுத்தால் 5.00 காட்டும், சரியான விடை 4.50. அவுட்டாக எண்ணினால் வம்பில்லை: ரன்னை 21ஆல் (7 இன்னிங்ஸின் அவுட்) பெருக்கி 14 அவுட்டால் வகுங்கள்.