குண்டு பல்பு சொல்லும் விடை

ஆச்சிக்கு வணக்கம்.

தம்பியின் விடைத்தாளைப் பார்த்தேன். மின்னோட்டவியலில் மூன்று கணக்கு, மூன்றும் தப்பு. "இந்தக் கணக்கே வராதவன் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்து என்ன செய்யப்போகிறான்?" என்று கேட்டிருந்தீர்கள். பெருக்கலும் வகுத்தலும் அவனுக்கு ஒழுங்காகவே வருகின்றன. எதை எதால் வகுப்பது என்பதில்தான் தடுமாறியிருக்கிறான். சூத்திரத்தைப் படம்போல நெட்டுருப் போட்டவனுக்குத் தேர்வறையில் படம் தலைகீழாகிவிட்டது.

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் மின்திறன். இதைப் புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் இஸ்திரிப் பெட்டியில் பார்க்கச் சொல்லுங்கள். அடியில் 230 வோல்ட், 1000 வாட் என்று போட்டிருந்தால், 1000ஐ 230ஆல் வகுக்க மின்னோட்டம் 4.35 ஆம்பியர். 230ஐ அந்த 4.35ஆல் வகுக்க மின்தடை ஏறத்தாழ 53 ஓம். பிளக்கைப் பிடுங்கி, பெட்டி ஆறியபின், சூட்டுத் திருகை முழுவதும் திருப்பி வைத்து, பிளக்கின் இரண்டு முனைகளில், மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரை வைத்தால் மீட்டரும் அதையொட்டியே காட்டும். கரண்டு ஓடும்போது எதையும் அளக்க விடாதீர்கள். கிரைண்டர் வேண்டாம், அது மோட்டார், இந்தக் கணக்குக்குள் அடங்காது.

அடுத்து, வளவில் தொங்கும் பழைய 100 வாட் குண்டு பல்பைக் கழற்றி அளக்கட்டும். மேலே செய்த இரண்டு வகுத்தலையும் ஒன்றாகச் சேர்த்து, 230ஐ 230ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால் 529 ஓம் வர வேண்டும். மீட்டரோ நாற்பதைச் சுற்றித்தான் நிற்கும். கணக்கு தப்பா, மீட்டர் தப்பா? இரண்டும் சரி. எரியும்போது டங்ஸ்டன் இழை ஈராயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. சூடு ஏற ஏறத் தடையும் ஏறுகிறது. இதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். "ஏன் குறைவாகக் காட்டுகிறது?" என்று அவனே கேட்கிறானா என்று மட்டும் பாருங்கள். கேட்டால் டிப்ளமோவில் சேருங்கள். மீட்டர் ரிப்பேர் என்று ஓரமாக வைத்துவிட்டால் இன்னொரு முறை பேசுவோம்.

கல்யாணத்துக்கு ஊரே கூடும் நாளில் மின்னழுத்தம் 180க்கு இறங்கினால், 1000 வாட் ஹீட்டர் 612 வாட்தான் தரும். அழுத்தம் குறையும்போது மின்னோட்டமும் சேர்ந்து குறைவதால் இந்த இரட்டை அடி. வெந்நீர் தாமதமாவதற்குச் சமையல்காரரைத் திட்டிப் பயனில்லை!

படிப்பு வழி எளிது. பத்தாம் வகுப்புக்குப் பின் டிப்ளமோ மூன்று ஆண்டு. முடித்தால் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு. ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் இரண்டு ஆண்டு. அதிலிருந்து டிப்ளமோ இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம்.

"வயரிங் வேலைக்கா அனுப்பப்போகிறாய்?" என்று உங்கள் அண்ணன் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில், பேட்டரி ஆராய்ச்சியாளர்கள் இன்றும் இதே வோல்ட்டையும் ஆம்பியரையும்தான் அளந்துகொண்டிருக்கிறார்கள் என்று அவரிடம் சொல்லுங்கள்.

சனிக்கிழமை தம்பியை அழைத்து வாருங்கள். அவன் அளந்து குறித்த தாள் கையில் இருக்கட்டும். விடைத்தாள் வேண்டாம்.