தலைமைப் பயிற்சியிலிருந்து ஒதுங்கும் மாணவர்கள் குறித்து

வணக்கம். நீங்கள் நடத்தும் தலைமைப் பயிற்சி வகுப்புக்கு மாணவர் மன்றப் பொறுப்பில் உள்ள ஏழெட்டுப் பேரே திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்றும், மற்றவர்கள் ‘அது பிறவியிலேயே வர வேண்டியது’ என்று ஒதுங்குகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள்.

அந்தப் பேச்சில் பாதி உண்மைகூட இல்லை. 2006-இல் வெளியான, ஆண் இரட்டையர்களைக் கொண்ட ஓர் அமெரிக்க ஆய்வில், தலைமைப் பொறுப்புகளை வகிப்பதில் மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 30 விழுக்காடே மரபணுவோடு தொடர்புடையதாகத் தெரிந்தது.

ஆனால் இந்தக் கணக்கைச் சொல்லி அவர்களை வரவழைக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை, ஏனெனில் ‘பிறவியிலேயே’ என்ற சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் ‘என்னால் முடியாது’ என்ற தயக்கமே ஒளிந்திருக்கிறது. உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977-இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, தன்திறன் நம்பிக்கையை, அதாவது ‘என்னால் முடியும்’ என்ற எண்ணத்தை, மிக வலுவாக வளர்ப்பது தானே ஒரு செயலைச் செய்து முடித்த அனுபவம். தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது அதற்கு அடுத்தது. பிறர் தரும் ஊக்கச் சொற்கள் அதைவிட வலுக் குறைந்தவை. சொற்பொழிவு (நாம் விரும்பி நடத்துவது அதைத்தான்) இந்தக் கடைசி வகையில் அடங்கும்.

ஆகவே, விருப்பமுள்ளவர் வரலாம் என்று அறிவிப்பதை நிறுத்திவிட்டு, ஆய்வகக் குழுவை ஒருங்கிணைப்பது, ஒரு கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை வகுப்பது என இரண்டு வாரங்களில் முடியக்கூடிய சிறு பொறுப்புகளை எல்லோருக்கும் சுழற்சி முறையில் கொடுங்கள். முடிந்த பிறகு, எங்கே தடுமாறினார்கள் என்பதை அவர்களையே பேசச் செய்யுங்கள். பேச்சுத் திறனையே தலைமையின் அடையாளமாக நீங்களும் எடுத்துக்கொள்கிறீர்களா என்பதையும் யோசித்துப் பாருங்கள். மன்றத் தேர்தலில் அமைதியானவர்கள் தோற்பதைப் பார்த்தே பலர் ஒதுங்கக் கற்றுக்கொள்கிறார்கள். சான்றிதழ் பற்றிய பேச்சை மட்டும் கடைசி வரை எடுக்க வேண்டாம். எடுத்தால் அதற்காக வருபவர்களே முன்வரிசையை நிரப்பிவிடுவார்கள்.