முதல் படகும் எஞ்சினும்: சந்தை மந்தமாகக் கிடக்கும்போது இப்போதே வாங்கவா, மார்ச் வரை பொறுக்கவா?

கேள்வி கேட்ட தம்பி நம் திருகோணமலையில் நிலாவெளிப் பக்கம் மாமாவின் படகில் தொழிலுக்குப் போகிறவர். கையில் பாதிக் காசு இருக்கிறது, மீதிக்கு அம்மாவின் நகையை அடகு வைக்கலாம் என்கிறார். பாவித்த ஃபைபர் படகு ஒன்றும் 15 எச்பி மண்ணெண்ணெய் எஞ்சின் ஒன்றும் பார்க்கிறார். வாங்க ஆளில்லாமல் விலை இறங்கிக்கொண்டே போகிறதாம், இந்த ஒக்டோபரிலேயே வாங்கவா, மார்ச் வரை பொறுத்தால் இன்னும் இறங்குமா என்று கேட்கிறார்.

மார்ச் வரை பொறுக்காதீர்கள் தம்பி. அதற்காக இந்த வாரமும் ஓடிப்போய் வாங்க வேண்டாம். டிசம்பரில், வாடை (வடகீழ்ப் பருவக்காற்று) நன்றாகப் பிடித்த பிறகு வாங்குங்கள், அதுவும் எஞ்சினைத் தண்ணீரில் இறக்கி மண்ணெண்ணெயில் அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்த்துவிட்டு.

படகையும் எஞ்சினையும் ஒரே பொருளாக நினைத்து விலை கேட்பதுதான் நம்மவர்கள் விடுகிற முதல் பிழை. படகு இந்த நாட்டிலேயே அச்சில் வார்ப்பது. அதன் விலை ஊரைப் பொறுத்தது, மாதத்தைப் பொறுத்தது, விற்கிறவரின் அவசரத்தைப் பொறுத்தது. சோழகம் (தென்மேல் பருவக்காற்று) தொடங்கும்போது நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து நம் கரைக்கு வந்து வாடி (கடற்கரைக் குடில்) போட்டுத் தொழில் செய்கிறவர்கள் செப்டெம்பர், ஒக்டோபரில் திரும்புகிறார்கள். பழைய படகை லொறியில் ஏற்றிக் கூலி கொடுத்துக் கொண்டுபோவதை விட இங்கேயே தள்ளிவிடலாம் என்று போனவர் இரண்டு பேரை நானே பார்த்திருக்கிறேன். எஞ்சின் அப்படியில்லை, அது டாலரில் வருகிற சாமான். 2022 மார்ச் தொடக்கத்தில் டாலர் 200 ரூபாய்ச் சொச்சம், மே மாதம் 360. அதே வருஷம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. எத்தனை படகுகள் கரையில் கவிழ்த்துப் போட்டபடி கிடந்தன என்று உங்களுக்கே நினைவிருக்கும், அதைவிட மந்தமான சந்தை வேண்டுமா? அப்போதும் புது எஞ்சின் விலை இறங்கவில்லை, ஏறியது. புதுசு ஏறினால் பாவித்ததும் பின்னாலேயே ஏறும். அதனால் சந்தை மந்தம் என்பதைப் படகுக்கு விலை பேசும்போது பாவியுங்கள், எஞ்சினுக்கு அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

இனி மாதக் கணக்கு. நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை வெளிக்கடல் நமக்கில்லை. படகு கரையில் ஏறிக் கிடக்கும், வருமானம் நிற்கும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு, பொங்கல் செலவு எல்லாம் வரிசையாக வரும். விற்கிறவர் இறங்கி வருவது அப்போதுதான். பொங்கல் கழிந்து கடல் கொஞ்சம் படிந்ததும் அதே மனிதர் படகுக்குப் பூச்சடிக்கத் தொடங்கிவிடுவார், பிறகு ஐயாயிரம் குறைக்கவும் மனம் வராது. மார்ச்சில் வாங்கினால் திருத்தவேலைக்கே ஒரு மாதம் போகும், பருவத்தின் முதல் நாட்களைக் கரையில் நின்று பார்ப்பீர்கள். அந்த நாட்களில் பிடித்திருக்கக்கூடிய மீனுக்கு ஒரு விலை போட்டுப் பாருங்கள், விலையில் குறைத்தது எல்லாம் அதில் போய்விடும்.

இதெல்லாம் சரி, ஆனால் இங்கேதான் நான் அடிபட்டேன். மலிவான மாதம் என்பது கடலில் ஓட்டிப் பார்க்க முடியாத மாதமும்தான். என் முதல் எஞ்சினை ஒரு ஜனவரியில் வாங்கினேன். ஆளின் வீட்டு முற்றத்தில் நீல பீப்பாய் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, விளிம்பில் பலகை கட்டி எஞ்சினைத் தொங்கவிட்டிருந்தார். இரண்டாவது இழுப்பில் ஸ்டார்ட். சத்தம் தையல் மெஷின் மாதிரி. ஐந்து நிமிஷம் ஓடியது, தேத்தண்ணி வந்தது, கேட்ட விலையில் 20,000 குறைத்தார், நானும் பெரிய வியாபாரி மாதிரிச் சிரித்துக்கொண்டே எண்ணிக் கொடுத்தேன். மார்ச்சில் இரண்டு பேரையும் வலையையும் ஏற்றிக்கொண்டு போனால், மண்ணெண்ணெய்க்கு மாற்றிய பத்தாவது நிமிஷம் மூச்சு வாங்குகிறது. ப்ளக்கைக் கழற்றினால் கரி. துடைத்துப் போட்டால் இன்னொரு பத்து நிமிஷம். பிறகுதான் விளங்கியது, அந்த முற்றத்தில் அவர் ஓட்டிக் காட்டியது முழுக்கப் பெற்றோலில்! இந்த எஞ்சின்களைப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம், நிறுத்துவதற்கு முன் திரும்பப் பெற்றோலுக்கு வருவோம். கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அமுக்கம்) குறைந்த கிழட்டு எஞ்சினும் பெற்றோலில் நன்றாக ஓடிக் காட்டும், குட்டு உடைவது மண்ணெண்ணெயில்தான். போதாததற்குப் பீப்பாய்த் தண்ணீரில் அதற்கு இழுக்கச் சுமையும் இல்லை. பிஸ்டனும் ரிங்கும் மாற்றி, போரிங் வேலை செய்து முடிக்கும்போது குறைத்த 20,000 போல மூன்று மடங்கு போயிருந்தது.

வாடையில் எங்கே ஓட்டிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத வசதி நமக்கு இருக்கிறது. வெளியே நிலாவெளியிலும் சல்லியிலும் அலை ஆளைத் தூக்கி எறிகிற நாளிலும் உள் துறைமுகத்துக்குள் தண்ணீர் அடங்கித்தான் கிடக்கும். மழை விட்ட ஒரு காலையில் கிண்ணியாப் பக்கம், கடற்படைப் பகுதிக்குக் கிட்டப் போகாமல், இரண்டு பேரை ஏற்றி முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டினால் எஞ்சினின் சாதகம் தெரிந்துவிடும். விற்கிறவர் சம்மதிக்காவிட்டால் அந்த எஞ்சின் உங்களுக்கு வேண்டாம்.

ஓடும்போது பின்னால் மெல்லிதாகப் பீய்ச்சுகிற தண்ணீரில் விரலை வையுங்கள். இளஞ்சூடு என்றால் பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே உப்பு அடைத்திருக்கிறது. கரைக்கு வந்ததும் கீழே கியர் பெட்டியின் ஸ்குரூவைத் திறந்து எண்ணெயைப் பாருங்கள், பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் சீல் போய்த் தண்ணீர் ஏறியிருக்கிறது. படகில் முக்கியமாக எஞ்சின் மாட்டும் பின்பலகை. ஃபைபருக்கு உள்ளே மரப்பலகைதான் இருக்கும். ஐந்து ரூபாய்க் குற்றியால் வரிசையாகத் தட்டிக்கொண்டு போங்கள், டக் டக் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் பொத் என்று விழுந்தால் அங்கே உள்ளே உக்கிவிட்டது. மேலே அடித்த புதுப் பெயின்டில் மயங்க வேண்டாம், எனக்குப் புதுப் பெயின்ட் என்றாலே சந்தேகம்தான்.

கனடாவில் இருக்கும் என் மச்சான் பனியில் ஓட்டுகிற ஸ்நோமொபைல் வாங்கியதும் இதே கணக்கில்தான், பனி உருகுகிற மாதத்தில், எல்லோரும் தள்ளிவிடும்போது. அதில் அவன் சொன்ன ஒன்று நமக்கும் பொருந்தும். அங்கே யமஹா ஸ்நோமொபைல் தொழிலையே விடுவதாக 2023-ல் அறிவித்து, 2025 மொடலோடு நிறுத்திவிட்டது. அதனால் மலிவாகக் கிடைத்ததை எடுக்காமல், பக்கத்துக் கடையில் உதிரிப்பாகம் வைத்திருக்கிற இன்னொரு மேக்கை எடுத்தானாம். நீங்களும் உங்கள் கரையில் பத்துப் பேர் பாவிக்கிற எஞ்சினையே எடுங்கள். ஒரு இம்பெல்லர் (எஞ்சினைக் குளிரவைக்கத் தண்ணீர் இறைக்கிற சின்னச் சக்கரம்) தேடிக் கொழும்புக்கு பஸ் ஏற வைக்கிற எஞ்சின் எவ்வளவு மலிவானாலும் எனக்கு வேண்டாம்.

நகை விஷயம். டிசம்பரில் அடகு வைத்தால் மார்ச் வரை ஒரு சதம் உழைக்காமல் வட்டி ஓடும். அதனால் டிசம்பரில் கையில் இருக்கிற காசுக்கு எஞ்சினை மட்டும் எடுங்கள், அதை வீட்டுக்குள் வைக்கலாம். படகுக்கு ஒரு முற்பணம் கொடுத்து, ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்து வாங்கி, ஜனவரிக் கடைசியில் மீதியைத் தருவதாகப் பேசுங்கள். அதுவரை படகு அவர் காவலில் இருக்கட்டும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையேறியது நினைவிருக்கிறதுதானே, டிசம்பரில் படகு வைத்திருப்பவருக்கு அந்த நித்திரையில்லாத இரவும் சேர்ந்தே வரும். முற்பணம் கொடுக்க முன் கடற்றொழில் பரிசோதகரிடம் பதிவு இலக்கத்தைக் காட்டி, படகு யார் பெயரில் இருக்கிறது, பெயர் மாற்ற என்ன வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கப் போகிற அன்று மண்ணெண்ணெய்க் கேனை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். அங்கே போனால் எப்படியும் "மண்ணெண்ணெய் முடிஞ்சு போச்சு தம்பி, பெற்றோலில ஓட்டிப் பாருங்கோ" என்பார்கள்.