பிஎச்டிக்குப் போகும் பெண்ணுக்கு வீட்டுப் பத்திரம் எதற்கு?

கேள்வி: குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்கிறேன். மகள் வேலூரில் எம்.எஸ்சி. விலங்கியல் முடித்திருக்கிறாள். அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் செல் உயிரியலும் உடற்கூறியலும் சேர்ந்த துறையில் பிஎச்டி படிக்க ஆசைப்படுகிறாள். காட்பாடியில் ஒரு கன்சல்டன்சியில், "நேரடியாகக் கிடைக்காது, முதலில் மாஸ்டர்ஸில் சேரட்டும், அங்கே போய் மாறிக்கொள்ளலாம்" என்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றரை லட்சம் கட்டணம். வங்கியில் 45 லட்சம் காட்ட வேண்டுமாம். மகளின் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களில் இந்தத் துறையில் பிஎச்டிக்குச் சேருகிறவர்கள் பெரும்பாலும் படிப்புக் கட்டணம் கட்டுவதில்லை. கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதாமாதம் உதவித்தொகையும் தருகிறார்கள். ஆண்டுக்கு 30,000 டாலரை ஒட்டி வரும். லூசியானாவில் எல்.எஸ்.யு. ஹெல்த் ஷ்ரீவ்போர்ட், ஜார்ஜியாவில் அகஸ்டா பல்கலைக்கழகம், நெப்ராஸ்கா பல்கலைக்கழக மருத்துவ மையம் ஆகிய மூன்றும் அரசு நிறுவனங்கள்தான். மூன்றிலும் செல் உயிரியலும் உடற்கூறியலும் ஒரே துறைக்குள் இருக்கின்றன. மகளை அவற்றின் இணையதளங்களைத் திறந்து, உதவித்தொகை பற்றிய பக்கத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அப்படியென்றால் அந்த ஏஜென்ட் ஏன் மாஸ்டர்ஸைப் பிடித்துத் தொங்குகிறார்? மாஸ்டர்ஸுக்குத்தான் நாம் முழுக் கட்டணம் கட்டுகிறோம். கட்டணம் கட்டும் மாணவரைக் கொண்டுவந்தால் பல கல்லூரிகள் ஏஜென்டுக்குக் கமிஷன் தருகின்றன. கட்டணமே இல்லாத பிஎச்டியில் அவருக்கு என்ன கிடைக்கும்? விஷயம் இவ்வளவுதான். மாஸ்டர்ஸில் சேர்ந்துவிட்டு மாறலாம் என்பதும் பேச்சுக்குத்தான். அங்கே போனாலும் பெரும்பாலும் பிஎச்டிக்கு மற்றவர்களோடு வரிசையில் நின்று புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். "எங்களுக்கு அங்கே புரொபசரைத் தெரியும்" என்றால் அதையும் நம்பாதீர்கள். பெரும்பாலான இடங்களில் ஒரு குழு சேர்ந்துதான் தேர்வு செய்யும். முதல் வருஷம் இரண்டு மூன்று ஆய்வகங்களில் மாறி மாறி வேலை செய்த பிறகுதான் வழிகாட்டி யார் என்றே முடிவாகும்.

45 லட்சம் காட்டுவதும் தேவைப்படாது. உதவித்தொகை உண்டு என்ற சேர்க்கைக் கடிதத்தையே விசாவுக்கான பணச் சான்றாகக் காட்டலாம். உங்கள் கைக்காசு விண்ணப்பக் கட்டணம், ஆங்கிலத் தேர்வு, விசாவுக்காகக் கட்டும் 350 டாலர் சேவிஸ் கட்டணம் (வெளிநாட்டு மாணவர் பதிவுக்கானது), விமான டிக்கெட், முதல் உதவித்தொகை கைக்கு வரும்வரை வாடகை, சாப்பாடு ஆகியவற்றுக்குத்தான். இதற்கு யாரும் வீட்டை அடகு வைப்பதில்லை.

ஒரு சிக்கலை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். நம் பி.எஸ்சி. மூன்று வருஷம், அங்கே இளங்கலை நான்கு வருஷம். மூன்று வருஷப் பட்டத்தைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. மகளிடம் எம்.எஸ்சி.யும் இருப்பதால் ஐந்து வருஷக் கணக்கு ஆகிவிடும், பெரும்பாலும் தடை வராது. ஆனாலும் சில இடங்களில், "உங்கள் பட்டம் எங்கள் பட்டத்துக்குச் சமம்தானா என்று மதிப்பீட்டு நிறுவனத்திடம் அறிக்கை வாங்குங்கள்" என்பார்கள். அவர்கள் கேட்டால் மட்டும், அவர்கள் பெயர் சொன்ன நிறுவனத்திடம் மட்டும் வாங்குங்கள். ஏஜென்ட் இதையும் பேக்கேஜில் சேர்த்து விற்பார். அந்த மதிப்பீட்டுக்கு டிரான்ஸ்கிரிப்டை, அதாவது படித்த பாடங்களும் மதிப்பெண்களும் அடங்கிய அதிகாரப்பூர்வப் பட்டியலை, மகள் படித்த பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும் என்பார்கள். நம் மாணவர்கள் நொந்துபோவது இங்கேதான். செலான் கட்ட ஒரு நாள், முத்திரைக்கு ஒரு நாள், "செக்‌ஷன் ஆபீசர் லீவு, அடுத்த வாரம் வாங்க" என்று இன்னொரு நாள். நன்றாகப் படித்த பிள்ளைகளை ஒரு காகிதத்துக்காக ஜன்னல் ஜன்னலாக அலைய விடுவதை எப்போது நிறுத்துவார்களோ! விண்ணப்பக் கெடு பெரும்பாலும் டிசம்பரை ஒட்டி முடிகிறது, வகுப்பு அடுத்த ஆகஸ்டில். அதனால் டிரான்ஸ்கிரிப்டுக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் பரிந்துரைக் கடிதங்கள். வழக்கமாக மூன்று கேட்பார்கள். ஆசிரியரே தன் மின்னஞ்சலுக்கு வரும் இணைப்பின் வழியாக நேராகப் பதிவேற்ற வேண்டும். "நீயே எழுதிக் கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடுறேன்" என்பவரிடம் வாங்காதீர்கள். ஏஜென்ட் பொய் மின்னஞ்சல் உருவாக்கித் தானே அனுப்பினால் பிடிபடுவது உங்கள் மகள்தான். சேர்க்கை போய்விடும். "நல்ல பெண், கடின உழைப்பாளி" என்று எழுதுவதால் பயனில்லை. பாரஃபின் மெழுகுக் கட்டியில் வைத்த எலியின் கல்லீரலை மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் ஐந்து மைக்ரான் கனத்தில் சீவினாள், ரிப்பனாக வந்த சீவல்கள் சுருங்காமல் வெந்நீரில் மிதக்கவிட்டு ஸ்லைடில் எடுத்தாள், ஹெமடாக்ஸிலின், இயோசின் நிறமேற்றி உட்கருவையும் சைட்டோபிளாசத்தையும் பிரித்துக் காட்டினாள் என்று, உண்மையில் செய்ததை எழுதச் சொல்லுங்கள். அங்கே இருப்பவர்கள் தேடுவது இதைத்தான். மகள் இதெல்லாம் செய்து பார்க்கவில்லை என்றால், ஏஜென்டுக்கு அலையும் நேரத்தில் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் ஆறு மாதம் வேலை பார்க்கட்டும்.

இடம் கிடைத்த பிறகும், "இன்றைக்கே சரி சொல்லாவிட்டால் போய்விடும்" என்று யாராவது அவசரப்படுத்தலாம். உதவித்தொகையோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை யோசிக்கலாம் என்று அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பல தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் முன்னால் நாளைக்கே காட்பாடிக்குப் போய் அசல் சான்றிதழ்களைத் திரும்ப வாங்குங்கள். "கட்டணம் பாக்கி" என்று தர மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். எழுத்தில் கேளுங்கள், நகலை வைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். முன்பணம் கட்டியிருந்தால் ரசீதோடு வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.