வாசகர் கேள்வி – பதில்: டெத் வேலியில் டிரக் கேம்பர் பயணம்

கேள்வி: நாங்கள் கலிபோர்னியாவில் வசிக்கும் மூன்று குடும்பத்தினர். பிக்கப் டிரக்கின் பின்பகுதியில் ஏற்றிப் பிணைக்கும் கேம்பர் இரண்டும், ஒரு ஜீப்பும் எங்களிடம் உள்ளன. டிசம்பர் விடுமுறையில் டெத் வேலி பாலைவனத்திலுள்ள ரேஸ்டிராக் என்னும் வறண்ட சேற்றுப் படுகை வரை சென்று ஓர் இரவு தங்க விரும்புகிறோம். கேம்பருடன் அந்தச் சாலையில் செல்ல முடியுமா?
– வாசகர், சான் ஓசே

பதில்: செல்லலாம். ஆனால் உங்கள் பயணத்தைத் தீர்மானிக்கப்போவது தொலைவு அல்ல, வண்டி சுமக்கும் எடை. டெத் வேலியிலுள்ள ஃபர்னஸ் கிரீக் என்ற ஊரிலிருந்து உபெஹீபி எரிமலைவாய் வரை ஏறத்தாழ 90 கி.மீ. நல்ல தார்ச்சாலை. அங்கிருந்து ரேஸ்டிராக் வரையுள்ள 43 கி.மீ. மண்சாலையோ, ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் தரையில் பரப்பியது போன்ற வரிப்பள்ளங்களும் கூர்மையான கற்களும் நிறைந்தது. அதைக் கடக்க இரண்டு மணி நேரமாவது ஆகும். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி என்று எல்லாவற்றையும் தலைக்குமேல் உயரமாகச் சுமக்கும் வண்டியில் அந்த அதிர்வு முழுவதும் டயர்களிலும், கேம்பரை வண்டியோடு பிணைக்கும் டர்ன்பக்கிள்களிலும்தான் இறங்குகிறது. ஆகவே மண்சாலையில் சிறிது தூரம் சென்றதும் நிறுத்தி, நான்கு மூலைகளிலும் உள்ள டர்ன்பக்கிள்களைக் கையால் பற்றித் திருகிப் பாருங்கள். புறப்படும்போது இறுக்கமாக இருந்தது விரலாலேயே சுழலும் அளவுக்குத் தளர்ந்திருந்தால், கேம்பர் தன் இடத்திலிருந்து நகரத் தொடங்கிவிட்டது என்று பொருள். கேஸ் சிலிண்டரின் வால்வை மண்சாலையில் இறங்கும் முன்பே மூடிவிடுவது நல்லது.

டயரின் காற்றைச் சற்றுக் குறைத்தால் அதிர்வு தணியும், கற்கள் குத்தும் அபாயமும் குறையும். ஜீப்புக்குக் குறைக்கும் அளவில் கேம்பர் வண்டிக்குக் குறைத்துவிடக் கூடாது. அவ்வளவு எடையின்கீழ் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறிக் கிழிந்துவிடும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் காற்றடைக்க ஒரு கம்பிரசரும், வண்டிக்கு ஒன்றேனும் முழு அளவு மாற்று டயரும் கட்டாயம் தேவை. இரண்டு இருந்தால் இன்னும் நிம்மதி. ஃபர்னஸ் கிரீக்கில் எரிபொருளை நிரப்பிக்கொண்டு, அங்குள்ள பார்வையாளர் மையத்தில் அன்றைய சாலை நிலவரத்தையும் இரவு தங்குவதற்கான அனுமதி விதிகளையும் கேட்டறிந்த பின்னரே புறப்படுங்கள்.

கேள்வி: மூன்று வண்டிகளும் எந்த வரிசையில் செல்ல வேண்டும்? ஒன்று பழுதானால் என்ன செய்வது?
– அதே வாசகர்

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். கூட்டமாகச் செல்கிறோம் என்ற தைரியத்தில் பலர் இதைப் பேசிவைக்காமலே கிளம்பிவிடுகிறார்கள். என் கருத்தில், எடை மிகுந்த கேம்பரே முன்னால் சென்று வேகத்தைத் தீர்மானிக்க வேண்டும். இலகுவான ஜீப் கடைசியில் வர வேண்டும். ஜீப் முன்னால் சென்றால் மற்றவர்கள் அதன் வேகத்தை எட்டிப்பிடிக்க முயல்வார்கள். டயர் கிழிவது பெரும்பாலும் அப்போதுதான். முன் வண்டி கிளப்பும் புழுதி அடங்கும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியில் யாரும் தொலைந்துவிடாதிருக்க, ஒவ்வொரு சாலைப் பிரிவிலும் பின்வரும் வண்டி கண்ணில் படும்வரை முன்வண்டி காத்திருக்க வேண்டும். டீக்கெட்டில் ஜங்ஷன் என்ற பிரிவில் வழிகாட்டிப் பலகை முழுவதும் பயணிகள் தொங்கவிட்ட கெட்டில்கள் ஆடிக்கொண்டிருக்கும். குழந்தைகள் இறங்கிப் பார்க்க விரும்புவார்கள், காத்திருப்பதும் எளிதாகும்.

அங்கே கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. வண்டிகளுக்கிடையே பேச ஜி.எம்.ஆர்.எஸ். எனப்படும் இருவழி வானொலிக் கருவிகளை வாங்குங்கள். அதற்கான உரிமத்துக்குத் தேர்வு எதுவும் இல்லை. ஒருவர் பெற்றால் அவர் குடும்பத்தினரும் பயன்படுத்தலாம். மூன்று குடும்பங்கள் என்பதால் உங்களுக்கு மூன்று உரிமங்கள் தேவைப்படும். வெளியுலகைத் தொடர்புகொள்ளச் செயற்கைக்கோள் வழிச் செய்திக் கருவி ஒன்றேனும் இருக்கட்டும்.

வண்டி பழுதாகி, அதைச் சரிசெய்ய முடியாமற்போனால், ஒரு வண்டி உதவி தேடிச் செல்ல, இன்னொன்று பழுதான வண்டியின் அருகிலேயே நிற்க வேண்டும். மூன்று வண்டிகள் என்பதன் முழுப் பயனும் இதில்தான் இருக்கிறது. யாரும் நடந்து செல்லக் கூடாது. ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் குடிநீர் என்ற கணக்கில், நீங்கள் தங்கத் திட்டமிட்டதைவிடக் கூடுதல் நாள்களுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். அதை ஒரே வண்டியில் வைக்காமல் மூன்றிலும் பிரித்து வையுங்கள்.

கேள்வி: பள்ளி விடுமுறையை ஒட்டி ஜூலையில் செல்லலாமா?
– வாசகி, சான் டியேகோ

பதில்: வேண்டாம். 1913 ஜூலை 10 அன்று ஃபர்னஸ் கிரீக்கில் 56.7 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாகியது. இன்றும் கோடையில் அங்கே 50 டிகிரியைத் தாண்டுவது அரிதன்று. கோடையில் திடீர் வெள்ளமும் உண்டு. 2023 ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயலின் எச்சம், ஓராண்டு முழுவதும் பெய்ய வேண்டிய மழையை ஒரே நாளில் கொட்டிச் சாலைகளை அரித்துச் சென்றது. டெத் வேலி தேசியப் பூங்கா அக்டோபர் நடுப்பகுதி வரை மூடிக் கிடந்தது. நவம்பர் முதல் மார்ச் வரையுள்ள மாதங்களே உகந்தவை.

கேள்வி: ரேஸ்டிராக்கில் கற்கள் தாமாக நகர்கின்றன என்பது உண்மையா?
– மாணவர், மதுரை

பதில்: நகர்வது உண்மை, தாமாக அன்று. அது வறண்டு வெடித்த சேற்றுப் படுகை. ஏறத்தாழ நாலரை கி.மீ. நீளம். அரிதாக மழைநீர் ஆழமின்றித் தேங்கி, குளிர்கால இரவில் கண்ணாடிச் சில்லுபோல மெல்லிய பனிக்கட்டியாக உறைகிறது. காலை வெயிலில் அது பெரும் பாளங்களாக உடைய, மிதமான காற்றே அந்தப் பாளங்களைத் தள்ளப் போதுமானதாகிறது. அவை கற்களை உந்தி, அடியிலுள்ள ஈரச் சேற்றில் தடம் பதிக்கின்றன. நிமிடத்துக்குச் சில மீட்டர் என்ற மெதுவான நகர்வு அது. 2013 டிசம்பரில் ஆய்வாளர்கள் இதை நேரில் கண்டு, 2014-இல் வெளியிட்டனர்.

சான் ஓசே குடும்பத்தினரும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். படுகையின்மேல் வண்டி ஏற்றுவது தடைசெய்யப்பட்டுள்ளது; ஈரமாக இருக்கும்போது நடப்பதும் கூடாது. அப்போது பதியும் காலடி, காய்ந்து இறுகிப் பல ஆண்டுகள் அழியாமல் நிற்கும். படுகையின் ஓரத்தில் கேம்பரை நிறுத்தித் தூங்கவும் அனுமதியில்லை. தென்முனையைத் தாண்டியுள்ள ஹோம்ஸ்டேக் முகாமிடத்துக்குச் சென்றுவிடுங்கள். அங்கே தண்ணீர் கிடையாது.