ஜாங்கிள் பாப்: எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: ஜாங்கிள் பாப் (கிட்டார் மணிபோல் ஒலிக்கும் பாப் இசை) ஆல்பங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்த பத்தை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் எந்தப் பதிப்பில் வாங்கலாம் என்றும் சொல்ல முடியுமா? (லெஸ்டர் வாசகர்)

பதில்: பத்து தர மாட்டேன், ஆறு தருகிறேன். அதற்குக் கீழே உள்ளவை என் மனத்திலேயே மாதத்துக்கு ஒரு முறை இடம் மாறிக்கொள்பவை. அவற்றை நம்பி உங்களைச் செலவு செய்யச் சொல்வது நியாயமாகாது.

முதலிடம் ஆர்.இ.எம். குழுவின் 'மர்மர்' (1983). ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரைச் சேர்ந்த இந்த நால்வரும் வட கரோலினாவின் ஷார்லட் நகரில், மிட்ச் ஈஸ்டர், டான் டிக்சன் ஆகியோரின் தயாரிப்பில் இதைப் பதிவு செய்தார்கள். கிட்டார் வாசிக்கும் பீட்டர் பக் தந்திகளை மொத்தமாக அடித்து முழக்காமல் ஒவ்வொன்றாக மீட்டிக்கொண்டே போகிறார்; பாடகரின் சொற்களில் பாதி பிடிபடுவதில்லை; ஆனாலும் தட்டு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வைக்கத் தோன்றுகிறது. அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாக 'ரோலிங் ஸ்டோன்' இதழ் தேர்ந்தெடுத்தது மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' தட்டை அல்ல, இதைத்தான். இது ஏராளமாக அச்சான தட்டு. எந்தச் சாதாரணப் பதிப்பும் போதும். முதல் பதிப்பு என்ற பெயரில் கூடுதல் விலை கேட்பவரிடம் வாங்க வேண்டாம்.

இரண்டாவது, மெம்ஃபிஸ் நகரத்து பிக் ஸ்டார் குழுவின் 'நம்பர் ஒன் ரெக்கார்ட்' (1972). விமர்சகர்கள் கொண்டாடினார்கள், ஆனால் விநியோகத்தைக் கவனித்த ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் குளறுபடிகளால் தட்டு கடைகளுக்கே ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. கேட்டு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். இதற்கு நான் சொல்லும் பதிப்பு, இந்த ஆல்பத்தையும் அடுத்து வந்த 'ரேடியோ சிட்டி'யையும் ஒரே குறுந்தட்டில் அடக்கி 1992-இல் வெளியிட்டதுதான். ஒரு விலைக்கு இரண்டு நல்ல ஆல்பங்கள் கிடைப்பது இந்தத் துறையில் அபூர்வம்.

மூன்றாவது, நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஃபீலிஸ் குழுவின் 'த குட் எர்த்' (1986). நான்காவது, பிரிஸ்பேனில் பிறந்த கோ-பிட்வீன்ஸ் குழுவின் 'சிக்ஸ்டீன் லவர்ஸ் லேன்' (1988). பல ஆண்டுகள் லண்டனில் இருந்துவிட்டு ஆஸ்திரேலியா திரும்பி, சிட்னியில் பதிவு செய்தது. மின்கிட்டாரைவிட மரக்கிட்டார் அதிகம் ஒலிப்பதால் இது ஜாங்கிள் வகையிலேயே சேராது என்று சண்டைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் யுவர் டவுன்' பாட்டைக் கேட்ட பிறகு அவர்கள் வரட்டும். ஐந்தாவது, ஸ்மித்ஸ் குழுவின் 'ஹாட்ஃபுல் ஆஃப் ஹாலோ' (1984). இதன் உறையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆறாவது, நியூசிலாந்தின் டனீடன் நகரத்து சில்ஸ் குழுவின் 'சப்மரீன் பெல்ஸ்' (1990).

பர்ட்ஸ் குழுவின் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' (1965) எங்கே என்று கேட்டு எழுதப்போகிறவர்களுக்கு: மூலவரை வரிசையில் நிறுத்தும் வழக்கம் என்னிடம் இல்லை.

கேள்வி: இணையத்தில் 'வி.ஜி.' தரம் என்று குறித்திருந்த 'ரேடியோ சிட்டி' இசைத்தட்டை வாங்கினேன். மெதுவான இடங்களில் எல்லாம் பொரிகிற சத்தம் கேட்கிறது. 'வெரி குட்' என்றால் மிக நன்று என்றுதானே பொருள்? ஏமாற்றிவிட்டார்கள். (பெயர் வேண்டாம் என்கிறார்)

பதில்: உங்களை யாரும் ஏமாற்றவில்லை. பழைய தட்டு விற்பவர்கள் பின்பற்றும் கோல்ட்மைன் தர வரிசையில் மேலே இருப்பது 'மிண்ட்', அடுத்தது 'நியர் மிண்ட்', அதற்கடுத்தது 'வி.ஜி. பிளஸ்', அதற்கும் கீழேதான் 'வி.ஜி.'. நியர் மிண்ட் பிரதியின் விலையில் ஏறக்குறைய பாதி வி.ஜி. பிளஸுக்கும், கால் பங்கு வி.ஜி.க்கும் தகும் என்பது பொதுவான கணக்கு. மெல்லிய இடங்களில் இரைச்சல் கேட்கும் என்று அந்த வரையறையிலேயே எழுதியிருக்கிறது. விற்பவர் அந்தத் தரத்தைத்தான் சொன்னார், அதைத்தான் அனுப்பினார். விளக்கத்தைப் படிக்க ஐந்து நிமிடம் ஒதுக்காதவர் எனக்குக் கடிதம் எழுத அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்.

இருந்தாலும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். ஜாங்கிள் பாப் தட்டுகளை வி.ஜி. பிளஸுக்குக் கீழே வாங்காதீர்கள். தட்டு ஒரே வேகத்தில் சுழன்றாலும், ஊசி மையத்தை நெருங்க நெருங்க ஒரு சுற்றில் அது கடக்கும் தூரம் குறைகிறது. அதனால் உயர் சுருதி ஒலிகள் உள்வளையங்களில் மிக நெருக்கமாகப் பொதிந்திருக்கின்றன. தேய்ந்த தட்டில் முதலில் கெடுவதும் அவைதான். பேஸ் கிட்டார் முழக்கத்தை நம்பியிருக்கும் இசை இதைத் தாங்கிக்கொள்ளும். கிட்டாரின் மணியொலிக்காகவே வாங்குகிற தட்டில், ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டும் கரகரத்தால் வாங்கியதற்கே பொருள் இல்லை.

கேள்வி: இந்தத் தட்டுகளை இப்போது வாங்கி வைத்தால் பத்து ஆண்டுகளில் விலை ஏறுமா?

பதில்: தங்கம் வாங்குங்கள்.

கேள்வி: '1972-இன் அசல் பதிப்பு' என்ற உறுதியின் பேரில் பிக் ஸ்டாரின் முதல் ஆல்பத்துக்குப் பல நூறு டாலர் கொடுத்தேன். வந்த தட்டின் உறை மிகப் புதிதாக இருக்கிறது. பின்பக்கக் கீழ் மூலையில் பட்டைக்குறியீடு அச்சிட்டிருக்கிறது. விற்பவரிடம் கேட்டால் "அக்காலத்தில் சில பிரதிகளில் அப்படி இருந்தது" என்கிறார். என் மனைவிக்கு இன்னும் விலையைச் சொல்லவில்லை. (எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: அவர் சொல்வது பொய். கடைப் பொருளொன்றின் பட்டைக்குறியீடு முதன்முதலில் வருடப்பட்டதே 1974 ஜூன் 26-ஆம் நாள், ஓஹயோ மாநிலத்து டிராய் நகரின் ஒரு பல்பொருள் அங்காடியில்தான். 1972-இல் அச்சான உறையில் அது இருக்க வழியே இல்லை. உங்களிடம் வந்திருப்பது பின்னாளைய மறுபதிப்பு. கடையில் புதிதாக வாங்கினால் அதற்கு நீங்கள் கொடுத்ததில் சிறு பகுதிதான் ஆகும்.

விற்பனை அறிவிப்பில் உறையின் முன்பக்கப் படம் மட்டுமே இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். தற்செயலாக அப்படி நேர்ந்திருக்காது. உடனே செய்ய வேண்டியவை இவை: அறிவிப்பில் 'அசல்' என்று எழுதியிருப்பதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; பட்டைக்குறியீட்டையும் படமெடுங்கள்; தட்டின் பாட்டு முடிந்து மையச் சீட்டு தொடங்கும் வரையுள்ள வெற்று வளையத்தை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்து, அங்கே பொறித்திருக்கும் எண்ணையும் எழுத்துகளையும் குறித்துக்கொள்ளுங்கள். அசலின் பட்டியல் எண் ஏ.டி.எஸ். 2803. பேபால் வழியாகப் பணம் கொடுத்திருந்தால் அவர்களுடைய காலக்கெடு முடிவதற்குள் 'விவரித்தபடி இல்லை' என்று முறையிடலாம். விற்பவர் பாதிப் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று கெஞ்சினால் ஏற்காதீர்கள். முழுத் தொகையையும் அஞ்சல் செலவையும் கேளுங்கள். மனைவியிடம் பணம் திரும்பி வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

கேள்வி: 'மர்மர்' பழைய இசைத்தட்டு என்னிடம் நல்ல நிலையில் இருக்கிறது. 2008-இல் வந்த இரட்டைக் குறுந்தட்டுப் பதிப்பில், 1983-இல் எங்கள் ஊரில் நடந்த கச்சேரி இரண்டாம் தட்டாக இருக்கிறதாம். அதற்காக வாங்கலாமா? (டொராண்டோ வாசகர்)

பதில்: வாங்கலாம், ஆனால் பழையதாக, மலிவாக. அந்த ஆண்டு ஜூலையில் லாரிஸ் ஹைட்அவே என்ற சிறு அரங்கில் பதிவானது. ஊர்ப்பற்று இல்லாதவர்களும் கேட்கத் தக்கது. உங்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆனால் இந்தச் 'சிறப்புப் பதிப்பு' வியாபாரத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, இன்று சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு பாட்டுகள் கொண்ட அந்த ஆல்பத்தை 1983-இல் விற்றார்கள். 1990களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் கூடுதல் பாட்டுகளைப் பின்னால் ஒட்டி விற்றார்கள். பிறகு கச்சேரியைச் சேர்த்து விற்றார்கள். ஒவ்வொரு முறையும் வாங்கியவர் யார்? புதிதாகக் கேட்க வந்தவர் அல்லர். ஏற்கனவே வாங்கி, கேட்டுத் தேய்த்து, வரிசையில் முதலிடம் கொடுத்து வைத்திருக்கும் அதே ரசிகர்தான். ஆகவே அதிகம் நேசித்தவரிடமே அதிகம் கறப்பது என்பது இவர்களது தொழில்முறை ஆகிவிட்டது. ஃபெல்ட் குழுவின் 1986 ஆல்பமொன்று 2018-இல் மறுபதிப்பானபோது தலைப்பையே மாற்றி 'த செவன்டீன்த் செஞ்சுரி' என்று வைத்தார்கள். குழுத் தலைவரின் விருப்பப்படிதான் மாற்றினார்கள் என்றாலும், பழைய தட்டை அலமாரியில் வைத்துக்கொண்டே புதிய ஆல்பம் என்று நினைத்து வாங்கியவர்களின் கடிதங்கள் எனக்கு வருகின்றன. என்னிடமும் ஒரு பெட்டி இருக்கிறது: துணி அட்டைப் புத்தகம், சட்டையில் குத்திக்கொள்ளும் பொத்தான், எங்கும் அனுப்ப முடியாத அஞ்சலட்டைகள், முடிவடையாத ஒத்திகைப் பதிவுகள் அடங்கிய மூன்று தட்டுகள். அந்த ஒத்திகைகளை ஒரு தடவைக்கு மேல் கேட்டவர் எவரையும் நான் சந்தித்ததில்லை. பெட்டி எந்த அலமாரியிலும் நுழையாத அளவில் செய்யப்பட்டிருப்பதால் இப்போது தரையில் கிடக்கிறது.

ஸ்மித்ஸ் குழுவைப் பாருங்கள். 'ஹாட்ஃபுல் ஆஃப் ஹாலோ' வந்தபோது, 3.99 பவுண்டுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று உறையிலேயே அச்சிட்டார்கள். பி.பி.சி. வானொலிக்காகப் பதிவு செய்தவையும் ஒற்றைத் தட்டுகளில் (ஒரு முதன்மைப் பாட்டுக்காக வரும் சிறு தட்டுகள்) வந்தவையுமாகப் பதினாறு பாட்டுகள், கடைக்காரரின் கையைக் கட்டிப்போட்ட விலையில். வாங்குபவரை மதித்த உறை என்று நான் இதைத்தான் காட்டுவேன். 1987-இல் அவர்கள் 'பெயின்ட் எ வல்கர் பிக்சர்' என்று ஒரு பாட்டே பாடினார்கள். இறந்துபோன பாடகரின் தட்டுகளைப் பொதி மாற்றி மறுபடி விற்கத் திட்டமிடும் நிறுவனத்தைப் பற்றியது அது. அதே ஆண்டில் அவர்களுடைய பழைய பாட்டுகளைக் கொண்ட 'த வேர்ல்ட் வோன்ட் லிசன்', 'லவுடர் தேன் பாம்ப்ஸ்' என்ற இரண்டு தொகுப்புகள் வந்தன, பல பாட்டுகள் இரண்டிலும் ஒன்றே. இரண்டாவது அமெரிக்காவுக்கென்று தொகுத்தது. பிரிட்டன் ரசிகர்கள் இறக்குமதி விலை கொடுத்து வாங்கத் தொடங்கவே, அங்கும் வெளியிட்டார்கள்.

வேறு விதமாகவும் நடக்க முடியும். பிரிஸ்டல் நகரிலிருந்து 1987 முதல் 1995 வரை இயங்கிய சாரா ரெக்கார்ட்ஸ், ஒற்றைத் தட்டில் விற்ற பாட்டை ஆல்பத்திலும் திணித்து இரண்டாம் முறை காசு வாங்குவதைப் பெரும்பாலும் தவிர்த்தது. நூறாவது வெளியீட்டோடு, விற்பனை நின்றுவிடாத நிலையிலேயே கடையை மூடிவிட்டது. அந்த நூறில் ஐம்பதாவது ஒரு பலகை விளையாட்டு என்பது அவர்களது குறும்பு. நான் மூன்றாமிடம் கொடுத்த 'த குட் எர்த்' 2009-இல் மறுபதிப்பானபோதும் ஆல்பத்தை இருந்தபடியே விட்டு, கூடுதல் பாட்டுகளைத் தரவிறக்கச் சீட்டாகத் தனியே கொடுத்தார்கள். கடைசிப் பாட்டு முடிந்ததும் தட்டு நின்றுவிடுகிறது. அந்த மரியாதைக்கே காசு கொடுக்கலாம்.

கேள்வி: 'சி86' தொகுப்பு வாங்கினேன். அதில் இருக்க வேண்டிய பல குழுக்கள் இல்லை. திருப்பி அனுப்பலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது 'சிடி86'. 1986-இல் என்.எம்.இ. இதழ் 22 குழுக்களின் பாட்டுகளோடு வெளியிட்ட ஒலிநாடாதான் 'சி86'. நீங்கள் வாங்கியது அந்தக் காலத்தின் 48 பாட்டுகளைத் திரட்டி இருபது ஆண்டுகள் கழித்து வந்த வேறு தொகுப்பு. உறையில் பெரிய எழுத்தில் இருக்கும் நான்கு எழுத்துகளைப் படித்திருந்தால் போதும். திருப்பி அனுப்ப வேண்டாம். அதுவும் நல்ல தொகுப்புதான். அசல் வேண்டுமென்றால் 2014-இல் வந்த மூன்று குறுந்தட்டுப் பதிப்பைத் தேடுங்கள், இம்முறை பெயரைப் பார்த்து.

கேள்வி: அந்த ஒலி வேண்டும் என்பதற்காக ரிக்கன்பேக்கர் பன்னிரு தந்தி கிட்டார் வாங்க மகன் கேட்கிறான். விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. (மெல்போர்ன் தாய்)

பதில்: வேண்டாம் அம்மா. பீட்டர் பக் வாசித்த ரிக்கன்பேக்கருக்கு ஆறு தந்திகள்தான். ஸ்மித்ஸின் ஜானி மார் தொடக்க காலத்தில் பெயர்பெற்ற ஒரு பாட்டை டெலிகாஸ்டர் என்ற வேறு வகைக் கிட்டாரில் வாசித்தார். பர்ட்ஸின் ரோஜர் மெக்வின்னிடம் பன்னிரு தந்தி இருந்தது உண்மை. ஆனால் அந்த நீண்ட மணியொலிக்குப் பாதிக் காரணம் பதிவரங்கில் கொடுத்த கம்ப்ரஷன், அதாவது ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது. மகனிடம் இருக்கும் கிட்டாருக்கு ஒரு கம்ப்ரஸர் பெடல் வாங்கிக் கொடுங்கள். ஓராண்டு விடாமல் வாசித்தால் மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: 1990 வாக்கில் பிரிட்டனில் அச்சான குறுந்தட்டு ஒன்றைப் 'புதிது போல' என்று விற்றார்கள். விளிம்பிலிருந்து செம்பு நிறம் பரவியிருக்கிறது. கடைசிப் பாட்டுகள் தாண்டித் தாண்டி ஓடுகின்றன. என் கருவியில் கோளாறா?

பதில்: உங்கள் கருவியில் கோளாறு இல்லை, உங்கள் மேலும் தவறு இல்லை. மைய வளையத்தைச் சுற்றி 'மேட் இன் யு.கே. பை பி.டி.ஓ.' என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். பிளாக்பர்ன் நகரத்து அந்த ஆலையில் 1988 முதல் 1993 வரை செய்த தட்டுகள் பலவற்றில், மேற்பூச்சு உறைத் தாளில் உள்ள கந்தகத்தைத் தாங்காமல், உள்ளிருக்கும் உலோகப் படலம் அரிக்கப்பட்டது. பிரிட்டனின் கிட்டார் குழுக்கள் கொழித்த ஆண்டுகளும் அவையே என்பது நம் துரதிர்ஷ்டம். அரிப்பு நிற்காது, ஓடுகிற பாட்டுகளை இன்றைக்கே கணினியில் படியெடுங்கள். பிறகு தட்டைத் திருப்பி அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள். செம்பு நிறம் ஏறிய தட்டைப் புதிது போல என்று விற்றவர் அதைக் கண்ணால் பார்க்காமல் விற்றிருக்க முடியாது. இனி இந்த ஆண்டுகளின் பிரிட்டன் தட்டு எதையும், பளபளப்பான பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்காமல் பணம் அனுப்ப வேண்டாம்.

கேள்வி: லா'ஸ் குழுவின் ஒரே ஆல்பத்தை (1990) அதன் பாடகரே வெறுத்து ஒதுக்கினாராமே. அப்படிப்பட்டதை வாங்கலாமா?

பதில்: அவர் வாங்க வேண்டாம். நீங்கள் வாங்குங்கள்.